உடலை உறைய வைத்த மூலக்கூறு: இரண்டாம் நிலைப் பார்க்கின்சோனியம் பற்றி ஓர் அறிமுகம்

சும்மா மடியில் வைத்திருக்கும் கை நடுங்குகிறது. நடை குறுகி, காலடி தரையோடு இழுபடுகிறது. சட்டைப் பொத்தான் பூட்டவே பத்து நிமிடம் போகிறது. முகத்தில் சிரிப்பும் சினமும் முன்போலத் தெரிவதில்லை. ஒருவர் இப்படி மாறும்போது வீட்டார் முதலில் சொல்வது பார்க்கின்சன் நோய் என்றுதான். வயது அறுபதைத் தாண்டியவரானால் அந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் இதே தோற்றத்தை ஒரு வாயுவும், ஓர் உலோகப் புகையும், தலைச்சுற்றுக்கு எடுக்கும் ஒரு குளிசையும்கூட உண்டாக்க முடியும். மின்வெட்டு நேரத்தில் கடைக்குள் ஓடும் ஜெனரேட்டரும், தெருவோர வெல்டிங் பட்டறையும், பாமசிக் குளிசைகளும் திருகோணமலையில் அன்றாடம் காண்பவை. ஆகவே இது ஏதோ தொலைதேச ஆய்வுகூடத்துச் சங்கதி அல்ல.

இந்த அடையாளங்களின் தொகுதிக்குப் பெயர் பார்க்கின்சோனியம். அசைவு மந்தமாவது அதில் கட்டாயம் இருக்க வேண்டும். அதோடு ஓய்வில் வரும் நடுக்கமோ (வினாடிக்கு 4 முதல் 6 தடவை), தசை இறுக்கமோ சேர வேண்டும். தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது மட்டும் கை ஆடி, மற்ற வேலைகள் பழைய வேகத்தில் நடந்தால் அது அநேகமாக வேறு வகை நடுக்கம். மூளையின் நரம்புக்கலங்கள் மெல்ல மெல்லத் தாமாகவே அழிந்து, இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியாதபோது அதைப் பார்க்கின்சன் நோய் என்கிறோம். மருந்து, நஞ்சு, சிறு சிறு பக்கவாதங்கள், தலையில் திரும்பத் திரும்பப் பட்ட அடி என்று வெளிக்காரணம் ஒன்று பிடிபட்டால் அது இரண்டாம் நிலைப் பார்க்கின்சோனியம்.

எங்கே பழுதாகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்றொரு சிறு பகுதி உண்டு. நியூரோமெலனின் என்ற நிறப்பொருள் இருப்பதால் மூளையை வெட்டிப் பார்த்தால் வெறுங்கண்ணுக்கே கறுப்பாகத் தெரியும். அங்குள்ள நரம்புக்கலங்கள் டோபமைன் என்ற இரசாயனத்தைத் தயாரித்து, மூளையின் உட்பகுதியிலுள்ள ஸ்ட்ரையேட்டத்துக்கு அனுப்புகின்றன. நாம் நினைத்த அசைவு தடையின்றித் தொடங்குவதற்கு அந்த டோபமைன் வேண்டும். இக்கலங்களில் ஏறத்தாழ அரைவாசி அழிந்த பிறகே அடையாளங்கள் வெளியே தெரிய வருகின்றன. அதனால்தான் "போன மாதம்தான் தொடங்கியது" என்று சொல்பவருக்கும் நோய் பல வருடங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும்.

ஒரு தனி இரசாயனம் இந்த இடத்தை மட்டும் குறிபார்த்து அழிக்க முடியுமா? முடியும் என்று உலகுக்குக் காட்டியது எம்பிடிபி. 12 காபன், 15 ஐதரசன், ஒரு நைதரசன், அவ்வளவுதான் அந்த மூலக்கூறு.

1976 முதல் 1983 வரை

வைத்தியசாலையில் கடும் வலிக்கு ஊசியாகப் போடும் பெத்தடினைப் பலர் அறிவர். அதற்கு நெருங்கிய உறவான எம்பிபிபி என்ற பொருளும் வலியை அடக்கும், போதையும் தரும். 1976 இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் 23 வயது இரசாயனவியல் மாணவர் ஒருவர் அதை வீட்டிலேயே தயாரித்து ஊசியாக ஏற்றிவந்தார். ஒருமுறை தயாரிப்பில் அவசரப்பட்டார். இந்த இரசாயனத் தாக்கத்தில் வெப்பமோ அமிலத்தன்மையோ பிசகினால், உருவான மூலக்கூறிலிருந்து ஒரு துண்டு கழன்று எம்பிடிபி ஆகிவிடும். நிறத்தையோ தோற்றத்தையோ பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. சில நாட்களுக்குள் அவரால் பேசவோ அசையவோ முடியாமல் போனது. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும், மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா என்ற மருந்தைக் கொடுத்ததும் அசைவு திரும்பியது. பிறகு அவர் வேறு காரணத்தால் இறந்தபோது மூளையைச் சோதித்தார்கள். சப்ஸ்டான்ஷியா நைக்ரா அழிந்திருந்தது. 1979 இல் இது ஒரு மனநல ஆய்விதழில் வெளியாகி, அதிகம் பேர் கண்ணில் படாமல் கிடந்தது.

அவர் தயாரித்ததை எலிகளுக்கும் ஏற்றிப் பார்த்தார்கள். எலிகள் கொஞ்ச நேரம் விறைத்துவிட்டுத் தேறிவிட்டன. இதனால் குற்றவாளி இன்னதென்று உறுதிப்படுத்த முடியாமல் போனது. நஞ்சியலில் மறக்கக்கூடாத பாடம் இது: ஒரு விலங்கில் தீங்கு தெரியவில்லை என்பது மனிதருக்குத் தீங்கில்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது. எலிகள் ஏன் தப்பின என்பதற்கு விடை பிறகு வந்தது, கீழே சொல்கிறோம்.

1982 இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் நாற்பதுகளில் இருந்த ஒருவர் சிலைபோல உறைந்த நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டார். நரம்பியல் நிபுணர் வில்லியம் லாங்ஸ்டன் பரிசோதித்தபோது எல்லாமே முற்றிய பார்க்கின்சன் நோய்போல இருந்தது. ஆனால் அந்த நோய் ஒரு வாரத்தில் முற்றுவதில்லை. அதே பிரதேசத்தில் இன்னும் சிலருக்கும் இதே நிலை. எல்லோரையும் இணைத்த ஒரே சங்கதி, "செயற்கை ஹெரோயின்" என்று விற்கப்பட்ட ஒரு தூள். 1979 கட்டுரையைப் படித்திருந்த ஒரு நஞ்சியலாளருக்கு அது நினைவுக்கு வர, நூல் பிடிபட்டது. நோயாளிகள் இருவர் ஏற்றிய தூளைப் பகுத்துப் பார்த்தால் பெரும்பகுதி எம்பிடிபி. எம்பிபிபி வெறும் சுவடு. 1983 இல் நான்கு நோயாளிகளைப் பற்றிய கட்டுரை 'சயன்ஸ்' இதழில் வந்தது. அதே வருடம் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குரங்குகள் உறைந்தன, லெவோடோபா கொடுத்ததும் அசைந்தன. போதைப் பழக்கமே இல்லாமல், தொழிலுக்காக எம்பிடிபியைக் கையாண்ட இரசாயனவியலாளர் ஒருவருக்கும் பார்க்கின்சோனியம் வந்தது பதிவாகியுள்ளது.

மூலக்கூறு செய்யும் வேலை, படிப்படியாக

எம்பிடிபி நேரடியாக எதையும் கொல்வதில்லை. அதில் மின்னேற்றம் இல்லை. கொழுப்பில் எளிதில் கரையும். எனவே இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைச் சுலபமாகக் கடந்துவிடுகிறது. மூளைக்குள் நரம்புக்கலங்களுக்குத் துணைநிற்கும் அஸ்ட்ரோசைட்டு என்ற கலங்களில் மொனோஅமைன் ஒட்சிடேசு-பி என்ற நொதியம் இருக்கிறது. அதன் வழக்கமான வேலை, மூளை இரசாயனங்கள் சிலவற்றை உடைத்து அகற்றுவது. அந்த நொதியத்திடம் அகப்பட்ட எம்பிடிபி ஒட்சியேற்றப்பட்டு, ஐதரசன்களை இழந்து, நேர் மின்னேற்றம் கொண்ட எம்பிபி அயனாக மாறுகிறது. உண்மையான நஞ்சு இதுதான்.

அயனாகிவிட்டபின் அது கலச்சவ்வுகளை இலகுவில் கடக்காது. ஆனால் டோபமைன் கலங்களின் மேற்பரப்பில், வெளியே சிந்திய டோபமைனைத் திரும்ப உள்ளே இழுக்கும் ஒரு கடத்தி உண்டு. எம்பிபி அயனை அந்தக் கடத்தி டோபமைன் என்று கொண்டு உள்ளே இழுத்துவிடுகிறது. நஞ்சு ஏன் மற்றக் கலங்களை விட்டு டோபமைன் கலங்களையே தேடிப்போகிறது என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. கலங்களுக்குள் போனதும் அது கலத்துக்குச் சக்தி தயாரிக்கும் இழைமணிகளில் குவிந்து, சக்தி உற்பத்தித் தொடரின் முதலாவது கட்டத்தை (தொகுதி-1 என்பார்கள்) அடைத்துவிடுகிறது. கலத்தின் சக்தியைச் சுமக்கும் ஏடிபி என்ற மூலக்கூறு குறைகிறது, தீங்கான ஒட்சிசன் துணிக்கைகள் பெருகுகின்றன, கலம் சாகிறது.

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே அறுத்துப் பார்த்துத்தான் உறுதிப்படுத்தினார்கள். நொதியத்தைத் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தால் குரங்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடத்தியை அடைத்தால் நஞ்சு கலத்துக்குள் போகவில்லை. 'தொடர்பு இருக்கிறது' என்பதிலிருந்து 'இதுதான் காரணம்' என்பதற்குப் போகும் வழி இது. செய்தியில் ஏதாவது இரசாயனத்துக்கும் நோய்க்கும் தொடர்பு என்று படிக்கும்போது, இப்படி இடையில் அறுத்துப் பார்த்தார்களா என்று கேட்பது நல்ல பழக்கம்.

எலிகளின் விடயம்: அவற்றின் மூளை இரத்தக்குழாய்ச் சுவரிலேயே அந்த நொதியம் நிறைய இருக்கிறது. எம்பிடிபி வாசலிலேயே அயனாக மாறி, உள்ளே புக முடியாமல் நின்றுவிடுகிறது. அவை தப்பியதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

எம்பிடிபியால் பார்க்கின்சன் ஆய்வுக்குக் கிடைத்தது பெரிது. நோய் வந்த குரங்குகளைக் கொண்டு 1990 இல் அமெரிக்க ஆய்வாளர்கள், மூளையில் சப்தலாமிக் கரு என்ற சிறு புள்ளியைச் செயலிழக்கச் செய்தால் விறைப்பும் மந்தமும் குறைகின்றன என்று காட்டினார்கள். அடுத்த சில வருடங்களில் பிரான்சில் அந்தப் புள்ளிக்கு மின்முனை வைத்துச் சிகிச்சை தொடங்கியது. இன்று ஆழ்மூளைத் தூண்டல் என்று உலகெங்கும் செய்கிறார்கள். 1989 இல், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் சப்ஸ்டான்ஷியா நைக்ராவிலும் அதே தொகுதி-1 பலவீனமாக இருப்பது கண்டறியப்பட்டது.

ஆனாலும் எம்பிடிபி நோயும் பார்க்கின்சன் நோயும் ஒன்றல்ல. பார்க்கின்சன் நோயாளியின் நரம்புக்கலங்களில் லூயி உடலங்கள் என்ற புரதக் கட்டிகள் இருக்கும். எம்பிடிபி ஏறியவர்களில் மூவரின் மூளையைப் பிற்பாடு சோதித்தபோது அவை காணப்படவில்லை. எங்களுக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது அதே சோதனையில் தெரிந்த இன்னொன்று: நஞ்சு ஏறிப் பல வருடங்கள் கழிந்த பின்னும் அங்கே அழற்சி அடங்கவில்லை, கலங்கள் தொடர்ந்து அழிந்துகொண்டிருந்தன. சில நாள் பட்ட நஞ்சு, பல வருடம் ஓடும் அழிவைத் தொடக்கிவைக்கக்கூடும்.

வயலில் அடித்த மருந்து

தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்கத்து விவசாயிகள் பராகுவாட் என்ற களைநாசினியை மறந்திருக்க மாட்டார்கள். எம்பிபி அயனையும் பராகுவாட்டையும் தாளில் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அச்சாக ஒரே குடும்பம். இந்த ஒற்றுமைதான் ஆய்வாளர்களைப் பீடைநாசினிகள் பக்கம் திருப்பியது. 2011 இல் அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் பீடைநாசினி கையாள்வோரிடையே செய்த ஆய்வில், பார்க்கின்சன் உள்ள 110 பேரும் இல்லாத 358 பேரும் ஒப்பிடப்பட்டனர். பராகுவாட் கையாண்டோருக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 2.5 மடங்கு. ரோட்டனோன் என்ற பூச்சிநாசினிக்கும் அதே அளவு. ரோட்டனோன் நேரே தொகுதி-1 ஐ அடைக்கும் பொருள். எலிகளில் லூயி உடலங்கள் போன்ற கட்டிகளையும் உண்டாக்கியிருக்கிறது.

2.5 மடங்கு என்றால் அடித்தவர்களில் பாதிப்பேருக்கு நோய் வரும் என்று அர்த்தமல்ல. நூறில் ஒருவருக்கு வரக்கூடியது நூறில் இரண்டு மூன்று பேருக்கு வரும் என்பதே அதன் கருத்து. பராகுவாட் தொகுதி-1 ஐ விட, ஒட்சிசனோடு திரும்பத் திரும்பத் தாக்கம் புரிந்து கலத்தைக் கருக்குவதன் மூலமே வேலை செய்கிறது. எனவே எம்பிடிபிக்கு இருக்கும் உறுதி இதற்கு இல்லை. சந்தேகம் வலுவானது, அவ்வளவே. இலங்கையில் 2008 முதல் 2011 வரை பராகுவாட் படிப்படியாக விலக்கப்பட்டது, அதுவும் அதைக் குடித்து உயிரிழந்தோர் தொகை காரணமாக. முப்பது வருடம் தெளிகருவி முதுகில் சுமந்தவருக்கு இன்று கை நடுங்கினால் வைத்தியரிடம் அதைச் சொல்ல வேண்டும். சொல்வதால் சிகிச்சை அநேகமாக மாறாது. ஆனால் முழுமையான விபரம் மருத்துவக் கோவையில் இருக்கும்.

வெல்டிங் புகையும் மங்கனீசும்

இங்கே நஞ்சு படும் இடமே வேறு. மங்கனீசு தாது அரைத்த தொழிலாளருக்கு நடை தளர்ந்து முகம் உறைந்ததை ஸ்கொட்லாந்தில் ஜோன் கூப்பர் 1837 இலேயே எழுதிவைத்தார். மங்கனீசு சப்ஸ்டான்ஷியா நைக்ராவைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, ஸ்ட்ரையேட்டத்துக்கு அருகிலுள்ள குளோபஸ் பலிடஸ் என்ற பகுதியில் படிகிறது. டோபமைன் தயாரிப்பு பெருமளவு நன்றாகவே இருக்கிறது. அதைக் கேட்டு வேலை செய்ய வேண்டிய பகுதி பழுதாகிறது. அதனால் லெவோடோபா இவர்களுக்குச் சரியாகப் பிடிப்பதில்லை. ஓய்வு நடுக்கம் குறைவு. நடை தனித்துவமானது: குதிகால் நிலத்தில் படாமல் முன்பாதத்தில் நடப்பார்கள், பின்னுக்கு நடக்கச் சொன்னால் விழுவார்கள். எம்ஆர்ஐ படத்தில் ரி-1 வகைக் காட்சியில் அந்தப் பகுதி இருபுறமும் வெண்மையாகத் தெரியும்.

சோற்றிலும் தேநீரிலும் மங்கனீசு இருக்கிறது, பயமில்லை. குடல் சிறு பங்கையே உள்ளே விடும், மிகுதியை ஈரல் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். மூச்சோடு போகும் மங்கனீசு அந்த ஈரல் காவலைத் தாண்டி நேரே இரத்தத்தில் கலக்கிறது. ஈரல் பழுதானவருக்கும் இரும்புச்சத்து குறைந்தவருக்கும் ஆபத்து கூடும்.

வெல்டிங் குச்சிகளில் மங்கனீசு உண்டு. சாதாரண 6013 குச்சியால் வெளியில், காற்றோட்டத்தில் கேற் ஒட்டுபவருக்கு ஆபத்து குறைவு. கவனிக்க வேண்டியது இரண்டு இடங்கள். ஒன்று, படகின் அடிப்பகுதி, எண்ணெய்த் தாங்கி, தண்ணீர் பவுசரின் உட்புறம் போன்ற அடைபட்ட இடங்கள். மற்றது, கல்லுடைக்கும் இயந்திரத்தின் தாடைகளையும் பெக்கோ வாளியின் பற்களையும் புதுப்பிக்கும் வேலை. அந்த உருக்கில் 11 முதல் 14 சதவீதம் வரை மங்கனீசு இருக்கலாம். அதற்குரிய கடின மேற்பூச்சுக் குச்சிகளிலும் அப்படியே. அமெரிக்கத் தொழிற் சுகாதார நிபுணர்கள் பரிந்துரைக்கும் எல்லை, மூச்சில் ஆழப்போகும் மங்கனீசு ஒரு கனமீற்றர் காற்றில் 0.02 மில்லிகிராம். கண்ணுக்குப் புகை தெரிகிற இடத்தில் இந்த எல்லை இலகுவில் தாண்டப்படும்.

வெல்டிங் கண்ணாடிக் கவசம் ஒளியைத்தான் மறைக்கும், புகையை அல்ல. முகத்தில் கட்டும் துணியும் பயனில்லை. புகைத் துணிக்கைகள் ஒரு மைக்ரோனிலும் சிறியவை. என்-95 அல்லது பி-2 தரத்துச் சுவாசக்கவசம், முகத்தோடு ஒட்டி, தாடி இடைவெளி விடாமல் இருந்தால் பயன் தரும். அதைவிட முக்கியம் தலையை வைக்கும் இடம்: புகை எழும் தூணுக்குள் முகத்தை நீட்டாமல், காற்று பக்கவாட்டிலிருந்து வரும்படி நிற்க வேண்டும். காற்று முதுகுப் பக்கமிருந்து வந்தால் உடம்புக்கு முன்னால் சுழல் உண்டாகிப் புகை முகத்துக்கே திரும்பும். தாங்கிக்குள் வேலை என்றால் மின்விசிறி காற்றை உள்ளே ஊதினால் மட்டும் போதாது. புகையை வெளியே இழுக்கும் குழாய் வேண்டும். ஒட்சிசன் சிலிண்டரைத் திறந்து 'காற்றோட்டம்' தருவது தீப்பிடிக்கும் வேலை, ஒருபோதும் கூடாது.

காபனோரொட்சைட்டும் குளோபஸ் பலிடஸையே தாக்கும். அது செங்குருதிச் சாயத்தோடு ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணையும். கடைக்குள் ஜெனரேட்டரை ஓடவிட்டு மயங்கியவர் தெளிந்து வீடு திரும்பி, சில நாட்களோ வாரங்களோ நன்றாக இருந்துவிட்டு, பிறகு மந்தமாகி விறைக்கலாம். அப்படி வந்தவர்களில் பலர் மாதக்கணக்கில் மெல்லத் தேறுவதுண்டு. ஆகவே புகை விபத்துக்குப் பின் ஒரு மாதமாவது வீட்டார் கவனமாகப் பார்க்க வேண்டும். மெதனோல் கலந்த மதுவும் இதே வட்டாரத்தில் பியூட்டமென் என்ற பகுதியைச் சிதைக்கும். கண்பார்வை போவது அதற்கு முன்னறிவிப்பு.

எல்லாவற்றையும் விட அதிகம்: குளிசைகள்

நஞ்சுகளைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், இரண்டாம் நிலைப் பார்க்கின்சோனியத்துக்கு மிகப் பொதுவான காரணம் மருந்துகள்தான். தலைச்சுற்றுக்கும் குமட்டலுக்கும் தரும் புரோகுளோர்பெரசின், வாந்திக்குத் தரும் மெற்றோகுளோப்ரமைட், காது சம்பந்தப்பட்ட தலைச்சுற்றுக்குத் தரும் சினரிசின், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் புளூனரிசின், மனநோய்க்குத் தரும் ஹலோபெரிடோல் முதலியவை. இவை கலங்களைக் கொல்வதில்லை. டோபமைன் வந்து பொருந்த வேண்டிய, கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கி என்ற புரதத்தை மறித்துக்கொள்கின்றன. பூட்டின் துவாரம் அடைபட்டால் திறப்பு கையில் இருந்தும் கதவு திறக்காது. துவாரத்தை அடைத்தது போனால் பெரும்பாலும் எல்லாம் பழையபடி ஆகும். ஆனால் அதற்குச் சில வாரங்கள் முதல் ஆறு மாதமோ அதற்கு மேலோ பிடிக்கலாம்.

இங்கே பிசகுவது எப்படி என்றால்: வயதான அம்மாவுக்கு ஒருநாள் தலைசுற்றுகிறது, ஐந்து நாளைக்கு ஒரு குளிசை எழுதுகிறார்கள். சுகமாக இருக்கவே வீட்டார் பழைய துண்டைக் காட்டிப் பாமசியில் மாதா மாதம் வாங்கிக் கொடுக்கிறார்கள். இரண்டு மூன்று மாதத்தில் கை நடுங்கி நடை குறுகுகிறது. வேறொரு கிளினிக்கில் காட்டுகிறார்கள். தலைச்சுற்றுக் குளிசை கிளினிக் கொப்பியில் இல்லாததால் அங்குள்ளவருக்குத் தெரியாது. பார்க்கின்சன் மருந்து தொடங்கப்படுகிறது. அந்த மருந்து குமட்டலைத் தரும். குமட்டலுக்கு மெற்றோகுளோப்ரமைட் வாங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். பார்க்கின்சன் உள்ளவருக்குக் குமட்டல் வந்தால் வைத்தியர்கள் வழக்கமாகத் தெரிவுசெய்வது டொம்பெரிடோன்; அது மூளைக்குள் அதிகம் புகாது. அதற்கும் இதயத் துடிப்புச் சார்ந்த எச்சரிக்கைகள் இருப்பதால் கேட்காமல் எடுக்கக்கூடாது.

சந்தேகத்தைக் கிளப்ப வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. பார்க்கின்சன் நோய் அநேகமாக ஒரு பக்கத்தில் தொடங்கும். மருந்தோ நஞ்சோ காரணமானால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்குவதே அதிகம். வருடக்கணக்கில் அல்லாமல் வாரக்கணக்கில் முற்றுவது, ஐம்பதுக்குக் குறைந்த வயது, போதிய அளவு லெவோடோபாவுக்கும் அசையாத விறைப்பு, இவையும் அப்படியே.

கிளினிக்குக்குப் போகும்போது எடுக்கிற எல்லாக் குளிசைகளையும் அட்டையோடு ஒரு பையில் கொண்டுபோங்கள். சித்த, ஆயுள்வேத மருந்துகளையும், ஒரு வருடத்துக்குள் நிறுத்தியவற்றின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் செய்த தொழில்களை வருடத்தோடு எழுதுங்கள்: எத்தனை வருடம் வெல்டிங், எந்த இடத்துக்குள், எந்த மருந்து அடித்தவர், புகையில் மயங்கியது உண்டா. நடையையும், கட்டை விரலும் சுட்டு விரலும் வேகமாகத் தட்டிக்கொள்வதையும் இரண்டு கைகளிலும் கைத்தொலைபேசியில் பத்து வினாடி படம் பிடியுங்கள். திகதி தெரிய இருக்கட்டும். ஒரு குளிசைதான் காரணம் என்று உங்களுக்கே பட்டாலும் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். மனநோய்க் குளிசையைத் திடீரென விட்டால் பழைய நோய் கடுமையாகத் திரும்பலாம். எழுதிக்கொடுத்த வைத்தியரிடம் போய், இதற்குப் பதிலாக வேறொன்று இருக்கிறதா, எத்தனை நாளில் குறைக்கலாம் என்று கேட்டு, விடையைக் கிளினிக் கொப்பியிலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள்.